மான்செஸ்டரைச் சுற்றி ஏழு இடங்கள்

மான்செஸ்டரில் இருந்து பக்ஸ்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். செஸ்டருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிளாக்பூல் கடற்கரைக்குக் கொஞ்சம் கூட ஆகும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அரியலூரில் இருக்கிற என் வீட்டிலிருந்து பெரம்பலூரில் இருக்கிற என் கடைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் மட்டும் இன்றைக்கு வரைக்கும் என்னால் சொல்ல முடியாது. அது முன்னால் எத்தனை சிமெண்ட் லாரி போகிறது என்பதைப் பொறுத்தது. பஸ் ஜன்னலை மூடினால் வேகும், திறந்தால் புழுதி. கடையைத் திறந்து உட்காரும்போதே ஒரு நாள் வேலை பார்த்து முடித்தவன் மாதிரி இருப்பேன்.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. சென்னையைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் எனக்கு இங்கிலாந்தில் ஒரு ஊர் தெரியும். அதைச் சுற்றியுள்ள ஊர்களும் தெரியும். வீட்டுக்காரிக்கு இது ஒரு கேலி. சோற்றில் உப்பு பத்தவில்லை என்று சொன்னால், மான்செஸ்டர்ல எப்படிங்க, சரியாப் போடுவாங்களா என்பாள்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. ஒரு ஜெராக்ஸ் மிஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. பட்டா, சாதிச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, நீக்க என்று எல்லாம் எழுதிக் கொடுப்பேன். குன்னம், செந்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் படித்து வெளிநாடு போக ஆரம்பித்த பிறகு, அவர்களைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு விசா விண்ணப்பம் எழுதுகிற வேலையும் வந்து சேர்ந்தது. ஒருத்தன் மான்செஸ்டருக்குப் போனான். அவன் பின்னால் அவன் மச்சான், அவன் பின்னால் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். எங்கள் ஆட்கள் எறும்பு மாதிரி, ஒரு வழி கிடைத்தால் அந்த வழியிலேயே போவார்கள்.

முதலில் வந்தவர் ஒரு நூற்பாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டுக்குப் போக வேண்டும். ஊரையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டார். எங்கெங்கே போகப் போகிறார் என்று ஒரு கடிதம் சேர்த்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அப்போது எனக்குக் கண்ணும் நன்றாக இருந்தது, முதுகும் நன்றாக இருந்தது. கம்ப்யூட்டரில் தெருப்படங்களைத் திறந்துவைத்து, வாய்க்கால் ஓரமாக மான்செஸ்டரைச் சுற்றினேன். செஸ்டரின் பழைய கோட்டை மதில்மேல் நடந்தேன். லிவர்பூலில் படகுத்துறை, பிளாக்பூலில் இரும்புக் கோபுரம், பக்ஸ்டனில் பாட்டிலில் பிடித்துப் போகிற ஊற்றுத் தண்ணீர், காசில்டன் என்ற ஊரில் சுண்ணாம்புக் குகை. அவர் மில்காரர் என்பதால் ஏழாவதாக, மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் பழைய நூற்பாலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருந்ததையும் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். அவருக்கு விசா வந்தது. போய்விட்டு வந்து, மில்லைப் பார்த்தேன் சார், நான் ஓட்டின அதே மாதிரி மிஷின் என்று சொல்லிக் கண் கலங்கினார். அந்த ஒரு நாள் எனக்கு என் தொழில் மேல் மரியாதை இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கடிதம் ராசியான கடிதம் ஆகிவிட்டது. அவருக்கு எழுதின மாதிரியே எழுதுங்க என்றுதான் வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நானாக ஒரு வரி மாற்றினால்கூட முகம் சுருங்கும். ஏன் சார், ராசியைக் கெடுக்கறீங்க என்பார்கள். எனக்கும் வசதியாகப் போயிற்று. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவேன். அதே ஏழு இடம். வெங்காயம் போடுகிறவர், பால் கறக்கிறவர், ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றியவர், எல்லாரும் என் கடிதத்தில் செஸ்டர் மதில்மேல் நடந்தார்கள். போனவர்களில் முக்கால்வாசிப் பேர் மகன் வீட்டு ஹீட்டர் பக்கத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். அந்த ஏழு இடங்களையும் நான் திரும்பத் தேடிப் பார்த்ததே இல்லை.

திங்கள், வெள்ளியில் கடையில் கூட்டம் அதிகம். சிறுவாச்சூர் காளி கோயில் அந்த இரண்டு நாள்தான் திறப்பார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே டவுன் வேலையையும் முடித்துக்கொண்டு போவார்கள். ஒரு அக்காவும் அப்படி ஒரு திங்கட்கிழமைதான் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குன்னத்துப் பக்கம். மானாவாரிக் காட்டில் பருத்தி, மக்காச்சோளம். நெற்றியில் கோயில் குங்குமம், கையில் ஒரு மஞ்சப்பை. மகளும் மருமகனும் மான்செஸ்டரில் வேலையில் இருக்கிறார்கள், நான் மட்டும் ஆறு வாரம் போய்விட்டு வர வேண்டும் என்றார். வீட்டுக்காரர் வரவில்லையா என்றேன். ரெண்டு பேரும் போயிட்டா மாட்ட யாரு பாக்கறது என்று என்னைக் கேட்டார்.

எதற்காகப் போகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. சுத்திப் பாக்கத்தான் என்றார். என்னை நேராகப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். அது பொய் என்று அப்போதே தெரிந்தது. இருந்தாலும் கேட்கவில்லை. புறப்படுகிறவரை எங்கே, எதற்கு என்று குடைவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. போகிற காரியம் விளங்காது என்பார்கள். அது ஒரு காரணம். எனக்கு அலுப்பு, அதுதான் பெரிய காரணம். சுற்றிப் பார்க்க என்று தட்டினேன். ராசிக் கடிதத்தில் பெயரை மாற்றினேன். அவர் சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தார்.

நிராகரித்துவிட்டார்கள். இதுவரை வெளிநாடே போகாத ஒரு அம்மா, ஆறு வாரம் கோட்டையும் குகையும் பார்க்கத் தனியாக வருகிறார் என்பதை நம்ப முடியவில்லை என்று நீட்டி முழக்கி எழுதியிருந்தார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் போடுங்க தம்பி, சுருக்கப் போடுங்க, நாளில்ல என்றார். எதுக்கு நாளில்லை என்றேன். சுத்திப் பாக்கத்தான் என்றார் மறுபடியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குக் கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. உண்மையச் சொன்னாத்தானே எழுத முடியும், என்கிட்ட மறைச்சா நான் என்ன சாமியா, தெரிஞ்சுக்கறதுக்கு என்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். கடையில் ஆள் குறைகிற வரைக்கும் வெளியில் நின்றார். பிறகு உள்ளே வந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாப்பா மாசமா இருக்கு தம்பி. எட்டு நடக்குது. இதுக்கு முன்ன ரெண்டு தங்கல. ரெண்டு தடவையும் ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன், வளையலுகூட வாங்கிட்டேன். இந்தத் தடவ புள்ள கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்கறதில்லன்னு காளிகிட்ட சொல்லியிருந்தேன். இன்னிக்கு சன்னதியில பூப் போட்டுக் கேட்டேன். சொல்லலாம்னு உத்தரவு வந்துச்சு. அதான் சொல்றேன்."

மருமகனுக்குத் தாய் இல்லை. மகளுக்கு அங்கே வேறு ஒருவரும் இல்லை. பிரசவத்துக்குப் பக்கத்தில் அம்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் எந்த அதிகாரிக்கும் புரிகிற காரணம். அதை அவர் சாமிக்குப் பயந்து மறைத்தார். கேட்டு வாங்க வேண்டிய நான், அலுப்பில் விட்டுவிட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பெண்ணின் ஒரு மாதத்தைத் தின்றிருந்தோம்.

அன்றைக்கே எழுதினேன். நாலே வரி. மகளின் ஆஸ்பத்திரிக் கடிதத்தை வரவழைத்துச் சேர்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் கை பழக்கத்தில் அந்த ஏழு இடத்துப் பட்டியலையும் பின்னால் சேர்த்துவிட்டேன். ராசி போய்விடக் கூடாது என்று எனக்கும் ஒரு மூலையில் இருந்திருக்கும். ஊரைப் பார்த்துச் சிரித்தவன் நான், கடைசியில் நானும் அதே ஊர்தானே.

ஒவ்வொரு தாளையும் தனக்குப் படித்துக் காட்டச் சொன்னார். பட்டியலைப் படித்தேன். மில் என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"பஞ்சு மில்லா?"

"ஆமாங்க்கா. அந்த ஊரே பஞ்சால வளந்த ஊருதான். நம்ம நாட்டுப் பஞ்செல்லாம்கூட அங்க போயிருக்கு."

"எங்காட்டுப் பருத்தி யாவாரி லாரியில ஏத்தறதோட சரி. அது நூலாகறத நான் பாத்ததே இல்ல" என்றார். பிறகு பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "தம்பி, கையெழுத்துப் போட்டுட்டா இதுல உள்ளபடி நடக்கணும்ல?"

மணி ஒன்றரை. வெளியே நாலு பேர் நின்றார்கள். ஆமாமா, போடுங்க என்றேன்.

விசா வந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்த மறுநாளே அங்கே குழந்தை பிறந்துவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தும் முந்திக்கொண்டது. ஆபரேஷன். அவருடைய வீட்டுக்காரர்தான் கடைக்கு வந்து சொன்னார். பேத்தி, ரெண்டு உசுரும் சுகம் என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் ஜீனி மிட்டாய் கொடுத்தார். டிக்கெட் கிடைத்து அந்த அக்கா போய் இறங்கும்போது குழந்தைக்கு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அந்தப் பெண் அம்மா துணையில்லாமல் எப்படிச் சமாளித்தாள் என்று ஒரு தரம் நினைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். என் வேலை அப்படி. பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

போன மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, மறுபடியும் வந்தார். கொஞ்சம் வெளுத்திருந்தார். என் மேஜையில் இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை வைத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்தார். நான் கவரைத் திறந்தேன். உள்ளே ரயில் டிக்கெட்டுகள், ஒரு படகுச் சீட்டு, குகைக்கு வாங்கிய சீட்டு, பிளாக்பூல் படம் போட்ட ஒரு அட்டை.

"எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன் தம்பி. ஒண்ணையும் விடல. யாராச்சும் வந்து கேட்டா காட்டுங்க. உங்களுக்குக் கெட்ட பேரு வரக் கூடாது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. இங்கிலாந்து சர்க்காருக்குக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தாயிற்று, அதன்படி நடக்காவிட்டால் எழுதின எனக்கு வில்லங்கம் வரும், அடுத்த தடவை தனக்கும் விசா தர மாட்டார்கள் என்று அவர் அங்கே போய் முடிவு செய்திருக்கிறார். இங்கே பத்திரத்தில் எழுதினால் எழுதினதுதான். அப்படித்தானே அவர் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார். குழந்தைக்கு முப்பது நாள் கழிகிற வரைக்கும் பொறுத்திருக்கிறார். பிறகு ஊர் திரும்ப மூன்று வாரம்தான் பாக்கி. அதற்குள் ஏழு இடம். மருமகனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. மற்ற நாளெல்லாம் அந்தப் பெண்ணே அழைத்துப் போயிருக்கிறாள், வயிற்றில் தையல் ஆறாமல், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு.

சொல்லிக்கொண்டே போனார். சந்தோஷமாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. கடமை முடித்தவர் மாதிரி சொன்னார். செஸ்டரில் மதிலுக்குப் படியேற வேண்டும், வண்டி ஏறாது, அதனால் மகள் குழந்தையோடு கீழேயே நிற்க, இவர் மட்டும் ஏறிப் பத்தடி நடந்துவிட்டு இறங்கியிருக்கிறார். பிளாக்பூலில் காற்று ஆளைத் தூக்கியிருக்கிறது. மகள் காதில் பஞ்சு வைத்து, அதன்மேல் துணி கட்டி, கோபுரத்தை எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பக்ஸ்டனில் ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தீர்த்தம் மாதிரி பேத்தி தலையில் தெளித்திருக்கிறார். அது மட்டும் கொஞ்சம் கதகதப்பா இருந்துச்சு என்றார். காசில்டன் போகிற வழியில் மலைக்கு நடுவே ஒரு உயரமான புகைபோக்கி தெரிந்ததாம். அங்கயும் சிமெண்ட் ஆலை இருக்கு தம்பி, சுண்ணாம்புக்கல்ல வெட்டி வெட்டி எடுத்திருக்காங்க, நம்ம அரியலூர் மாதிரியேதான், இதப் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம்னு பாப்பாகூடச் சிரிச்சுது என்றார். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அந்த மூன்று வாரத்தில் அவர் சொல்லிக் கேட்ட சிரிப்பு.

ஏன்க்கா, ஆஸ்பத்திரிக் கடிதத்துக்குத்தானே விசா குடுத்தாங்க, இந்தப் பட்டியலை யாரும் சீண்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது? கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு தெளிவாகக் கேட்டார். எனக்கு அப்போது சாப்பாட்டு நேரம்.

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிற வானம், மழை. செங்கல் கட்டடம், இரும்புக் கதவு. கதவுக்கு முன்னால் அந்த அக்கா. கம்பளிக் கோட்டுக்கு மேலே சேலை முந்தானையை இழுத்து, அதற்குள் குழந்தையை மூடிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கதவில் ஒரு பலகை தொங்கியது.

"இது ஒண்ணுதான் தம்பி உள்ள போக முடியல. பூட்டியிருந்துச்சு. ரெண்டு தடவ போனோம். ரெண்டு தடவையும் பூட்டு."

நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பலகையைப் படித்தேன். நிரந்தரமாக மூடப்பட்டது. எழுத்தே வெளுத்துப் போயிருந்தது. மூடி வருஷக்கணக்கு ஆகியிருக்க வேண்டும். மெக்கானிக்குக்கு எழுதினபோது திறந்திருந்ததுதான். அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு அந்த மில்லை எழுதிக் கொடுத்தேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர்களில் ஒருவரும் போகவில்லை, அதனால் ஒருவரும் வந்து சொல்லவில்லை. போனது இவர் ஒருவர்தான்.

"மத்ததெல்லாம் எழுதினதுக்காகப் போனது. இதத்தான் நான் பாக்கணும்னு நெனச்சேன்" என்றார். "ஏன் தம்பி, அது எந்தக் கிழமை தெறப்பாங்க? நம்ம சிறுவாச்சூருலயே திங்க, வெள்ளிதான் தெறக்கறாங்க. அங்கயும் அப்படி எதாச்சும் கெழம இருக்கும்ல? மொதத் தடவ செவ்வாக்கெழம போனோம். மறுக்கா வெள்ளிக்கெழமையாப் பாத்துக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். அன்னிக்கும் தெறக்கல."

ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த தரம் போகும்போது பார்க்கலாம் என்று சந்தோஷமாகப் போயிருப்பார். பொய் எழுதியே பிழைத்தவனுக்கு இன்னொரு பொய் பாரமா? ஆனால் அந்த அம்மா சொன்னால் சொன்னபடி செய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்பார்.

"அது தெறக்காதுக்கா. மூடிட்டாங்க, ரொம்ப வருஷம் ஆச்சு. பலகையில போட்டிருக்கு. நான்தான் பாக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது."

அவர் போனை வாங்கி, அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவருக்குள் திரும்பப் போட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பாப்பாவும் இதையேதான் சொல்லுச்சு, மொதநாளே. நெரந்தரமா மூடிட்டாங்கம்மா, வா போலாம்னு. எழுதிக் குடுத்தவரு பொய்யா எழுதுவாரு? உனக்குக் கூட்டிட்டு வர நோவுதுன்னு சொல்லு அப்படின்னு அந்த மழையில வச்சு அதப் புடிச்சு ஏசிப்புட்டேன் தம்பி. ஒண்ணும் பேசாம மறுக்கா கூட்டிட்டு வந்துச்சு. பச்ச ஒடம்புக்காரிய."